டிரில் வாத்தியார் ரஹீம்

நம்முடைய பள்ளிக்கூடங்களில் வேலை பார்க்கும் உபாத்தியாயர்களுக்குள்ளே அதிகமாக வெயிலில் நிற்பவரும், குறைவாக மரியாதை பெறுகிறவரும் யார் என்று கேட்டால், பதில் சொல்ல யாரும் யோசிக்க வேண்டியதில்லை. டிரில் வாத்தியார்தான். கணக்கு வாத்தியார் இரண்டு நாள் லீவு போட்டால் பெற்றோர்கள் கவலைப்படுகிறார்கள். டிரில் வாத்தியார் லீவு போட்டால் அது யாருக்கும் தெரிவதேயில்லை. பரீட்சை நெருங்கும்போது அவருடைய பீரியடைக் கணக்கு வாத்தியார் கடனாக வாங்கிக் கொள்கிறார். கொடுத்த கடனைத் திரும்ப வாங்குவதில் உலகப் பிரசித்தி பெற்ற செட்டிநாட்டில் கூட இந்த ஒரு கடன் மட்டும் இதுவரையில் வசூலானதாகக் கேள்வியில்லை!

இப்படிப்பட்ட உத்தியோகத்தில் ஒருவர் ஹைதராபாத்தில் இருந்தார். ஜனாப் ஸையத் அப்துல் ரஹீம் என்பது அவர் பெயர். கால்பந்து ஆட்டக்காரர்களும் ரஸிகர்களும் அவரை "ரஹீம் ஸாகிப்" என்று அழைத்தார்கள். 1963-ம் வருஷம் ஜூன் மாதம் 11-ந் தேதி, புற்று நோய்க்கு ஆளாகி, அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 53 தான். அன்று கால்பந்து அபிமானிகளைப் பிடித்த துக்கம் அறுபது வருஷங்களுக்கு மேலாகியும் இன்னும் தீர்ந்தபாடில்லை. மற்றத் துக்கங்களுக்குப் பதினாறாம் நாள் என்று ஒன்று உண்டு. வருஷத் திதி என்று ஒன்று உண்டு. இந்தத் துக்கமோ, இந்தியக் கோஷ்டி வெளிதேசத்தில் தோற்றுத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தலையெடுக்கிறது. "ரஹீம் ஸாகிப் இருந்திருந்தால்?" என்று யாராவது ஒரு கிழவர் பெருமூச்சு விடுகிறார். பக்கத்தில் இருக்கும் பேரன், "யார் அந்த ரஹீம் ஸாகிப்?" என்று கேட்கிறான்.

அந்தப் பேரன்களுக்காகவே இந்தக் கட்டுரை.

ஆடாதவருக்கு ஏன் அழுகிறார்கள்?

ஆட்டக்காரர் இறந்தால் ரஸிகர்கள் அழுவது நமக்குப் புரிகிறது. அவர் பந்தை உதைத்ததை அவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். பயிற்சி ஆசிரியரோ பந்தைத் தொடுவதில்லை. கோட்டுக்கு வெளியே நிற்கிறார். இங்கிலீஷில் அவருக்குக் "கோச்" என்று பெயர். வண்டிக்கும் அதே பெயர்தான். ஒருவிதத்தில் அது பொருத்தமும் கூட. ஆட்களை ஏற்றிக் கொண்டு போய், சேரவேண்டிய வாசலில் இறக்கி விட்டுவிட்டு, தான் வெளியிலேயே நின்று விடுகிறது அல்லவா வண்டி?

ஆனால் உலகம் முழுவதும் கால்பந்து ரஸிகர்கள் இந்த வெளியே நிற்கும் மனிதருக்காகவும் அழுதிருக்கிறார்கள். இங்கிலாந்தில் மாஞ்செஸ்டர் யுனைடெட் கோஷ்டியை உருவாக்கிய மாட் பஸ்பி 1994-ம் வருஷம் ஜனவரி 20-ந் தேதி இறந்தபோது, ஓல்டு டிராபோர்டு மைதானத்தின் வாசலில் ஜனங்கள் மலர்களையும் தங்கள் கழுத்துத் துணிகளையும் கொண்டுவந்து குவித்தார்கள். இரண்டு நாள் கழித்து அங்கே நடந்த ஆட்டத்துக்கு, ஒற்றைக் குழல் வாத்தியக்காரர் ஒருவர் சோக கீதம் வாசித்துக் கொண்டு முன்னே நடக்க, இரு கோஷ்டிகளும் அவர் பின்னே வந்தன. லிவர்பூல் நகரத்து பில் ஷாங்க்லி 1981-ல் காலமானார். அடுத்த வருஷமே அவர் பெயரால் அந்த மைதானத்துக்கு ஒரு வாயில் அமைத்தார்கள். உக்ரேனில் லொபனோவ்ஸ்கி 2002-ல் இறந்ததும், கீவ் நகரத்து மைதானத்துக்கே அவர் பெயரைச் சூட்டி விட்டார்கள்.

இதற்குக் காரணம் இல்லாமல் போகவில்லை. ஆட்டக்காரர் இறப்பதற்கு வெகு காலம் முன்னாலேயே அவருடைய ஆட்டம் நின்று விடுகிறது. முப்பத்தைந்து வயதில் அவர் பூட்ஸைக் கழற்றி மாட்டிய அன்றே ரஸிகர்கள் பாதி துக்கத்தை அனுபவித்து விடுகிறார்கள். பயிற்சி ஆசிரியரோ கடைசி வரையில் வேலையில் இருக்கிறார். அவர் போகும்போது நடந்து கொண்டிருந்த ஆட்டமும் அவரோடு நின்று போகிறது. ரஹீம் விஷயத்தில் இது அட்சரம் அட்சரமாக உண்மையாயிற்று.

உபாத்தியாயர் உத்தியோகம்

ரஹீம் 1909-ம் வருஷம் ஆகஸ்டு 17-ந் தேதி ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா சர்வகலாசாலையில் படித்தபோது அங்கே கால்பந்து ஆடினார். படிப்பு முடிந்ததும் பள்ளிக்கூட உபாத்தியாயரானார். காச்சிகுடா நடுத்தரப் பள்ளி முதலிய இடங்களில் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு தேகப் பயிற்சிக் கல்வியில் டிப்ளமா பெற்று, பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டை மேற்பார்க்கும் வேலையை ஏற்றார். 1943-ல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் காரியதரிசியானார். 1950-ல் ஹைதராபாத் நகரப் போலீஸ் கோஷ்டிக்குப் பயிற்சி ஆசிரியரானார்.

அந்தப் போலீஸ் கோஷ்டி என்ன செய்தது தெரியுமா? பம்பாயில் நடக்கும் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரையில் தொடர்ந்து ஐந்து வருஷம் வென்றது. பெரிய பெரிய கல்கத்தாக் கோஷ்டிகளுக்கு அது பொறுக்க முடியாத விஷயமாயிருந்தது. பணத்துக்கும் கூட்டத்துக்கும் கல்கத்தாவில் பஞ்சமில்லை. ஹைதராபாத்திலோ சம்பளத்துக்கு வேலை பார்க்கும் போலீஸ்காரர்களும், அவர்களுக்கு ஒரு வாத்தியாரும்தான் இருந்தார்கள்.

வாத்தியார் கையாண்ட முறைகள் பள்ளிக்கூட முறைகளாகவே இருந்தன. கணக்கில் பலவீனமான பையனுக்குக் கணக்கையே திரும்பத் திரும்பக் கொடுப்பதுபோல, வலது காலால் மட்டும் உதைக்கிற பையன்களுக்கு இடது காலால் மட்டும் உதைக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் பந்தயங்கள் நடத்தினார். பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு நான்கு பேரை ஏமாற்றிக் கொண்டு ஓடுவது நம் நாட்டு ஆட்டக்காரர்களுக்கு மிகவும் பிரியமான காரியம். ஜனங்களும் அதற்குத்தான் கை தட்டுவார்கள். ரஹீமோ, பந்தைக் காலில் வைத்துக்கொண்டு தனியாக ஓடக் கூடாது, வந்த பந்தை உடனே தோழனுக்குத் தள்ளிவிட வேண்டும் என்று விதி வைத்துப் பந்தயம் நடத்தினார். சாமர்த்தியசாலி ஒருவன் மட்டும் பெயர் வாங்குவது போய், பதினொரு பேரும் சேர்ந்து யோசிக்கும் பழக்கம் இதனால் வந்தது. பந்து ஓடினால் மனிதன் களைக்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரர்களைப் போன்ற உடல் வலிமை இல்லாத நம் பையன்களுக்கு இதைவிட நல்ல ஆயுதம் வேறு கிடையாது.

இவற்றோடு வெளி தேசத்து ஆட்டத்தையும் கூர்ந்து கவனித்து வந்தார். 1953-ம் வருஷம் ஹங்கேரிக் கோஷ்டி லண்டனில் இங்கிலாந்தை 6-3 என்று தோற்கடித்தபோது, அவர்களுடைய நடு முன்னணி ஆட்டக்காரர் முன்னே நிற்காமல் பின்வாங்கி நின்று எதிரிகளைத் திகைக்க வைத்தார். அந்தத் தந்திரத்தை இந்தியாவில் கையாண்டவர்களில் ரஹீம் முந்தியவர்.

பத்து கோலும் ஒரு பாடமும்

1951-ல் டில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் பந்தயங்கள் நடந்தன. சுதந்திரம் வந்து நாலாவது வருஷம். இந்தியக் கால்பந்துக் கோஷ்டிக்கு ரஹீம் பயிற்சி ஆசிரியர். இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது. பண்டித நேரு நேரில் இருந்து பார்த்தார். தேசமெல்லாம் கொண்டாடிற்று.

அடுத்த வருஷம் பின்லாந்து தேசத்தின் தலைநகரான ஹெல்ஸிங்கியில் ஒலிம்பிக் பந்தயம். குளிர் நாடு. எதிரே யூகோஸ்லாவியா. நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் இறங்கினார்கள். 1948-ல் லண்டனில் பிரான்ஸ் கோஷ்டியுடன் வெறுங்காலால் ஆடி 2-1 என்றுதானே தோற்றோம் என்ற தைரியம். இந்தத் தடவை 10-1 என்று தோற்றார்கள்!

இப்படிப்பட்ட தோல்விக்குப் பிறகு சாதாரணமாக என்ன நடக்கும்? குளிரின் மேல் பழி போடலாம். நடுவரின் மேல் பழி போடலாம். வெறுங்காலால் ஆடுவது நமது தேசிய சம்பிரதாயம் என்று ஒரு பிரசங்கமும் செய்யலாம். கால்பந்து சங்கத்தாரும் ரஹீமும் அப்படிச் செய்யவில்லை. இனிமேல் பூட்ஸ் இல்லாமல் ஆடக் கூடாது என்று சங்கத்தார் கட்டளை பிறப்பித்தார்கள். பூட்ஸ் போட்ட கால்களுக்கு ஏற்றபடி ஆட்டத்தையே மாற்றியமைக்கும் வேலை ரஹீமுடையதாயிற்று. தேசாபிமானத்துக்கும் வீம்புக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருந்தது.

நாலே வருஷம். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா சொந்த மைதானத்தில் ஆடிய ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தியது. நெவில் டிஸௌஸா மூன்று கோல் போட்டார். நாலாவது கோல் நம் கிட்டு என்கிற கிருஷ்ணசாமி போட்டது. ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதி வரையில் சென்ற முதல் ஆசியக் கோஷ்டி இதுதான். அரையிறுதியில் மறுபடியும் அதே யூகோஸ்லாவியா. முதல் கோல் இந்தியாவுடையது! கடைசியில் 4-1 என்று தோற்றாலும், பத்து கோல் வாங்கிய கோஷ்டி நாலு வருஷத்தில் அதே எதிரியை அரை நாழிகையாவது நடுங்க வைத்ததென்றால் அது வாத்தியாருடைய கைவண்ணம்தான். வெண்கலப் பதக்க ஆட்டத்தில் பல்கேரியாவிடம் தோற்று இந்தியா நாலாவது ஸ்தானம் பெற்றது.

தமிழ்ப் பிள்ளைகள்

ரஹீமின் கோஷ்டிகளில் தமிழ்ப் பெயர்கள் ஏராளம். ஆறடிக்கு மேல் உயரமுள்ள பீட்டர் தங்கராஜ் கோல் வாசலைக் காத்தார். ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரியில் வெல்லிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்டு கேந்திரத்துக்காக ஆடிப் பெயர் வாங்கியவர் அவர். தஞ்சாவூரில் பிறந்த ஸைமன் சுந்தரராஜ் 1960-ல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் பெரு தேசத்துக்கு எதிராக ஒரு கோல் போட்டார். அன்று முதல் இன்று வரை ஒலிம்பிக்கில் இந்தியாவின் கணக்கில் வேறு கோல் சேரவில்லை. 1948-ல் அந்தக் கணக்கைத் தொடங்கி வைத்தவரும் சாரங்கபாணி ராமன் என்பது ஒரு விசித்திரமான பொருத்தம்.

எல்லோரையும் விட நம் மனத்தைக் கவருகிறவர் துளஸிதாஸ் பலராம். ஸிகந்தராபாத்துக்கு அருகே அம்முகுடா என்ற இடத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஏழைக் குடும்பம். பையன் ஆடுவதைப் பார்த்த ரஹீம், ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு வரும்படி கூப்பிட்டார். தினம் வந்து போகக் காசு இல்லை என்று பையன் தயங்கினான். அதற்கும் ரஹீமே வழி செய்து கொடுத்தார் என்று பலராம் பிற்காலத்தில் நன்றியுடன் சொல்வதுண்டு. அந்தப் பையன் மெல்போர்னுக்கும் போனான். ரோமாபுரியில், அந்நாளில் உலகப் பெரும் கோஷ்டிகளில் ஒன்றான ஹங்கேரிக்கு எதிராக கோல் போட்டான். பி. கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்ற மூவரின் பெயரும், நம் சங்கீதத்தில் மும்மூர்த்திகளின் பெயரைச் சொல்வதுபோல, ஒரே மூச்சில் சொல்லப்படலாயிற்று.

ரோமாபுரிக்குச் சென்ற கோஷ்டியில் ரஹீமின் சொந்தப் புதல்வர் ஸையத் ஷாஹித் ஹக்கீமும் இருந்தார். ஆனால் ஒரு ஆட்டத்திலாவது அவர் களத்தில் இறங்கவில்லை. தகப்பனார் வாத்தியாராயிருக்கும் வகுப்பில் படிக்கும் பிள்ளையின் கஷ்டம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்!

ஜாகர்த்தா

1962-ம் வருஷம் இந்தோனேஷியாவின் தலைநகரான ஜாகர்த்தாவில் நாலாவது ஆசியப் பந்தயங்கள் நடந்தன. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேஷியா அனுமதிக்க மறுத்தது. அது சரியல்ல என்று இந்தியப் பிரமுகர் ஸோந்தி ஆட்சேபித்தார். அவ்வளவுதான். நகரத்தில் இந்தியர்களுக்கு எதிராகப் பெருங் கோபம் கிளம்பியது. இந்தியத் தூதர் காரியாலயத்தை ஒரு கூட்டம் தாக்கிற்று. இந்திய ஆட்டக்காரர்கள் பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து போனதாகச் சொல்வார்கள்.

ஆட்டத்திலும் ஆரம்பம் சரியில்லை. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்தபடி தாய்லாந்தை 4-1 என்று வென்றார்கள். ஆனால் அந்த ஆட்டத்தில் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கின் தலையில் பலத்த காயம் பட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2-0 என்று வென்று அரையிறுதிக்கு வந்தாயிற்று. தலையில் கட்டுடன் இருக்கும் மனிதரை என்ன செய்வது?

இங்கேதான் ரஹீமின் துணிச்சல் வெளிப்பட்டது. தற்காப்பில் நின்றவரை முன்னணியில் நிறுத்தினார். கட்டுப் போட்ட தலையுடன் ஜர்னைல் சிங் தெற்கு வியட்நாமுக்கு எதிராக கோல் போட்டார். இந்தியா 3-2 என்று வென்றது. இறுதி ஆட்டத்தில், முதலில் தோற்கடித்த அதே தென் கொரியா காத்திருந்தது.

செப்டம்பர் 4-ந் தேதி. மைதானத்தில் சுமார் ஒரு லட்சம் ஜனங்கள். அவ்வளவு பேரும் இந்தியாவுக்கு விரோதமாகக் கூச்சலிட்டார்கள். ஆச்சரியம் என்னவென்றால், பாகிஸ்தான் ஹாக்கி கோஷ்டியார் மட்டும் இந்தியாவுக்காகக் குரல் கொடுத்தார்கள் என்று நம் ஆட்டக்காரர்கள் பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார்கள். காய்ச்சலால் படுத்திருந்த தங்கராஜ் எழுந்து வந்து கோல் வாசலில் நின்றார். பானர்ஜி பதினேழாவது நிமிஷத்தில் ஒரு கோல் போட்டார். மூன்று நிமிஷம் கழித்து ஜர்னைல் சிங் இன்னொன்று. கொரியர்களால் கடைசியில் ஒரே ஒரு கோல்தான் திருப்ப முடிந்தது. 2-1. தங்கம் இந்தியாவுக்கு!

முதல் நாள் இரவு ரஹீம் தம் பிள்ளைகளைக் கூப்பிட்டு, நாளை எனக்கு ஒரு வெகுமதி கொடுங்கள், தங்கத்தைக் கொடுங்கள் என்ற கருத்தில் பேசியதாகச் சொல்கிறார்கள். அதற்குள் அவரைப் புற்று நோய் பற்றிக் கொண்டிருந்தது.

ஜூன் மாதம் 11-ந் தேதி

ஜாகர்த்தா வெற்றிக்கு அடுத்த மாதமே வடக்கு எல்லையில் சீனாவுடன் யுத்தம் மூண்டது. தேசத்தின் கவனமெல்லாம் இமயமலையில் இருந்தது. கால்பந்துப் பதக்கத்தை நின்று கொண்டாட யாருக்கும் மனம் இல்லை. மறு வருஷம் கோடையில் ரஹீம் படுக்கையில் விழுந்தவர் எழவில்லை. பதக்கம் வாங்கி ஒன்பது மாதந்தான் ஆகியிருந்தது.

அன்று துக்கப்பட்டவர்களின் நிலையை ஆலோசித்துப் பாருங்கள். பானர்ஜி, சுனி, பலராம் எல்லோரும் இருபத்தைந்து, இருபத்தாறு வயது இளைஞர்கள். தகப்பனார் இருக்கும் போதே பிள்ளைகள் தலையெடுத்து விட்டால் குடும்பம் ஒருவாறு நிலைக்கும். இங்கே பிள்ளைகள் சம்பாதிக்கத் தொடங்கிய சமயத்தில் தகப்பனார் போய்விட்டார். அதே 1963-ல் பலராமும் நோய்வாய்ப்பட்டு ஆட்டத்தை விட்டு விலக நேர்ந்தது. ஜாகர்த்தாக் கோஷ்டியில் இருந்த கோவாக்காரர் பார்த்துனாத்தோ பிராங்கோ, ரஹீம் இந்தியக் கால்பந்தையும் தம்முடன் கல்லறைக்குக் கொண்டு போய்விட்டார் என்ற பொருள்பட ஒரு முறை சொன்னார். கால்பந்து ரஸிகர்கள் இன்று வரை அந்த வார்த்தையை மந்திரம்போல் திருப்பித் திருப்பிச் சொல்லி வருகிறார்கள்.

அது முழுதும் சரியா? 1964-ல் ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் ஸ்தானம் பெற்றது. 1970-ல் பாங்காக்கில் வெண்கலப் பதக்கம் பெற்றது. வாத்தியார் போட்டுவைத்த உரம் சில வருஷம் விளைச்சல் கொடுத்தது. அதற்குப் பிறகு ஆசியப் பந்தயக் கால்பந்தில் நம் ஆண்கள் கோஷ்டிக்குப் பதக்கமே இல்லை. 1960-க்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்தும் இல்லை.

ரஹீமின் துக்கம் ஒரு நாளோடு முடியவில்லை என்று முன்னே சொன்னேன். அவருடைய சிஷ்யர் பானர்ஜி தாமே பயிற்சி ஆசிரியரானார். 1972-ல் ஈஸ்ட் பெங்கால் கோஷ்டியை ஏற்றார். பிறகு மோகன் பகானுக்கும் பயிற்சி அளித்தார். ஆட்டத்துக்கு முன் வீரர்களிடம் அவர் பேசும் பேச்சுக்கு "வோகல் டானிக்" என்று கல்கத்தாக்காரர்கள் பெயர் வைத்தார்கள். அந்த மருந்தை முதலில் காய்ச்சிய வைத்தியர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பானர்ஜி 2020-ம் வருஷம் மார்ச்சு 20-ந் தேதி காலமானார். கொள்ளை நோய்க்கு அஞ்சி தேசமே கதவைச் சாத்திக் கொண்ட நாட்கள் அவை. நாற்பத்தோரு நாள் கழித்து ஏப்ரல் 30-ந் தேதி சுனி கோஸ்வாமி போனார். ஒரு லட்சம் பேர் கூடியிருக்க வேண்டிய இறுதி யாத்திரைகள் சில பேரோடு நடந்தன. 2021-ல் பிராங்கோவும் ஹக்கீமும் மறைந்தார்கள். மெல்போர்ன் கோஷ்டியின் தலைவர் ஸமர் பானர்ஜி 2022-ல் போனார். 2023 பிப்ரவரி 16-ந் தேதி பலராம் கண் மூடினார். ஒவ்வொரு மரணச் செய்தியிலும் ரஹீம் ஸாகிப்பின் பெயர் மறுபடி அச்சாயிற்று. ஒவ்வொரு சிஷ்யனுக்காகவும் அழுதவர்கள் அந்த வாத்தியாருக்காகவும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டார்கள்.

2024-ல் அவருடைய கதையை "மைதான்" என்ற பெயரில் ஹிந்திப் படமாக எடுத்தார்கள். அஜய் தேவ்கன் ரஹீமாக நடித்தார். நம் ஏ. ஆர். ரஹ்மான் ஸங்கீதம் அமைத்தார். ரஹீம் ஸாகிப் யார் என்று கேட்ட பேரன்களில் பலருக்கு அதைப் பார்த்த பிறகுதான் விடை கிடைத்தது.

ஜப்பான் செய்ததும் நாம் செய்யாததும்

ஜாகர்த்தாவில் நாம் 2-0 என்று தோற்கடித்த ஜப்பானை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் ஒரு வாத்தியார் இருந்தார். டெட்மார் கிராமர் என்ற ஜெர்மானியர். 1960-ல் அவர் ஜப்பானுக்கு வந்தார். ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்ததோடு, பயிற்சி கொடுப்பவர்களுக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றும், வருஷம் முழுவதும் நடக்கும்படியான ஒரு பந்தயத் தொடர் வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். ஜப்பானியர்கள் அவர் சொன்னதைக் கேட்டார்கள். 1965-ல் தேசியப் பந்தயத் தொடர் ஆரம்பமாயிற்று. 1968-ல் மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் அதே ஜப்பான் வெண்கலப் பதக்கம் பெற்றது. கிராமர் 2015-ல் காலமானபோது ஜப்பானியரும் துக்கம் கொண்டாடினார்கள். ஆனால் "அவரோடு எல்லாம் போயிற்று" என்று சொல்ல வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை.

நாம் ரஹீமைப் போற்றினோம். அவர் மனத்தில் இருந்த வித்தையை ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களில் இறக்கி வைக்க முயற்சி செய்யவில்லை. பட்டியாலாவில் 1961-லேயே தேசிய விளையாட்டுப் பயிற்சிக் கழகம் ஏற்பட்டது உண்மைதான். ஆனால் ரஹீம் தம் வேலையைத் தொடங்கிய இடம் கழகம் அல்ல, பள்ளிக்கூட மைதானம். இடது காலால் உதை என்று பத்து வயதுப் பையனிடம் சொல்லும் ஒரு வாத்தியார் இருந்தால்தான், இருபது வயதில் அவனைத் தேர்ந்தெடுக்க ஒரு ரஹீம் வர முடியும். தேசத்துக்குப் பெரிய வாத்தியார் ஒருவர் போதும் என்று நினைத்தோம். அந்த ஒருவர் போனதும் திகைத்து நின்றோம்.

நம் ஊரில்

இந்த விஷயத்துக்கும் செட்டிநாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடற்கல்விக் கல்லூரி ஒன்று இருக்கிறது. டிரில் வாத்தியார்களைத் தயார் செய்து அனுப்பும் இடம் அது. அங்கே படித்து வெளியே வரும் வாலிபர்களில் ஒரு ரஹீம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? அவரைத் தேடிக் கண்டுபிடிப்பது சர்க்காரின் பொறுப்பு என்று விட்டுவிடக் கூடாது. அவர் வேலைக்குச் சேரும் பள்ளிக்கூடத்துப் பெற்றோர்களின் பொறுப்பும் அதுதான்.

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய முன்னோர்களை உடையவர்கள் நம்மவர்கள். அந்தப் பர்மா தேசம் ஜாகர்த்தாவுக்கு அடுத்த ஆசியப் பந்தயத்தில், 1966-ல், கால்பந்துத் தங்கத்தை வென்றது. மலேயா தன் சுதந்திரத்தைக் கொண்டாட நடத்திய மெர்டேக்காப் பந்தயத்தில் 1959-ல் இந்தியா இரண்டாம் ஸ்தானம் பெற்றது. கடல் கடந்து போய்த் தொழில் நடத்தும் துணிவு உள்ள குடும்பங்களில், பிள்ளை மைதானத்துக்குப் போய் ஒரு மணி நேரம் பந்து உதைக்க அனுமதி கிடைப்பது மட்டும் ஏன் இத்தனை கஷ்டமாயிருக்கிறது? "உங்கள் பேரன் என்ன ஆகப் போகிறான்?" என்று எந்த ஆச்சியையாவது கேட்டுப் பாருங்கள். டாக்டர் என்பார், ஆடிட்டர் என்பார், அமெரிக்கா என்பார். "டிரில் வாத்தியார் ஆகப் போகிறான்" என்று சொல்லி மகிழும் ஆச்சியை நான் இன்னும் சந்திக்கவில்லை. சொன்னால் அவருக்கு ஒரு நமஸ்காரம் செய்யச் சித்தமாயிருக்கிறேன்.

ரஹீம் ஸாகிப்புக்காக உண்மையில் துக்கப்படுகிறவர்கள் அவருடைய படத்துக்கு மாலை போட வேண்டுமென்பதில்லை. தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டிரில் பீரியடைப் பரீட்சைக்காகப் பறித்துக் கொள்ளாமல் பார்த்துக் கொள்ளட்டும். மைதானம் இருக்கும் இடத்தில் கட்டிடம் எழும்பாமல் தடுக்கட்டும். சாயங்காலம் பையன் முழங்காலில் செம்மண்ணோடும் சிராய்ப்போடும் வீட்டுக்குள் வந்தால், வளவில் பதித்த ஆத்தங்குடிக் கல் அழுக்காகிறதே என்று சத்தம் போடாமல், "இடது காலால் உதைத்தாயா?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். கல்லை நாளைக் காலையில் கழுவிக் கொள்ளலாம்.